மதிவதனிக்குப் பயிற்சி தேவையில்லை என்று நான் எழுதியது பற்றி

சேக்காடு, ஆவடி
நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி சம்பந்தத்துக்கு,

அண்ணி சாமுண்டீஸ்வரி எழுதுவது. இங்கே நான் சுகம், ரத்த அழுத்தம் அளவில் இருக்கிறது. வேலூரில் நீயும் சாவித்திரியும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லாவிட்டால் சாவித்திரி இதற்குள் எனக்குப் போன் செய்திருப்பாள். போன ஜூலையில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்து போனதே, அது சிக்னல் கோளாறு இல்லை. நான்தான் வைத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை, ஏனென்றால் இப்போது உன்னிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன். சிபாரிசு இல்லை. உன் அண்ணன் முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலையில் வேலை பார்த்தும், குவார்ட்டர்ஸில் ஒரு ஜன்னல் கதவை மாற்றக்கூட யாரிடமும் சிபாரிசுக்குப் போனதில்லை. நீ கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அரசாங்கத்துக்கு எப்படி எழுத வேண்டும் என்று தெரிந்தவன். 'தவறு' என்ற சொல் ஓரிடத்திலும் வராமல் எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். விஷயத்தைக் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பின்தெருவில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னைக் 'கல்வி ஆர்வலர்' என்று போட்டிருப்பது உனக்குத் தெரியும். நானாகக் கேட்டு வாங்கிய பதவி இல்லை. பள்ளி மணி தினமும் நான்கு நிமிஷம் தாமதமாக அடிக்கிறது என்று சொல்லத்தான் போனேன். தலைமையாசிரியை வசந்தகுமாரி உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, கிளம்பும்போது ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். குழுவுக்குத் தலைவி யுவராணி என்பவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் பெண் ரோஷினி பத்தாம் வகுப்பில் படிக்கிறது. முதல் கூட்டத்திலேயே என்னைப் பார்த்து, "ஆயா, நீ இப்டி ஃபேன் கீழ வந்து குந்து" என்றாள். என் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் சாதாரணமாக இருக்கும்போது மேடம், கோபமாக இருக்கும்போது ஆயா. இது எனக்கும் வசதியாகவே இருக்கிறது.

ஒவ்வொரு ஜூலையிலும் பள்ளி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றை எழுதி மேலே அனுப்ப வேண்டும். எத்தனை பெஞ்சு, எத்தனை குழாய் என்பதெல்லாம் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஆசிரியர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு, எதிரே 'தேவைப்படும் பயிற்சி' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அதை வைத்துத்தான் அந்த வருஷம் யாரை எந்தப் பயிற்சிக்கு எப்போது அனுப்புவது என்று அலுவலகத்தில் முடிவு செய்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பழைய திட்டங்களைக் காட்டச் சொன்னேன். எட்டு வருஷத் தாள்கள் வந்தன. எட்டிலும், பதினோரு ஆசிரியர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர் தேவராஜ் உட்பட, ஒரே பயிற்சிதான்: கணினி அடிப்படைப் பயிற்சி.

வசந்தகுமாரியிடம் விளக்கம் கேட்டேன். "அது எழுதினா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கம்மா. அஞ்சு அஞ்சு நாள், ரெண்டு ரெண்டு பேரா போயிட்டு வந்துருவாங்க. ஆபீஸும் திருப்பி அனுப்பாது, கிளாஸும் கெடாது" என்றார். எட்டு வருஷமாக அடிப்படையிலேயேவா நிற்கிறீர்கள் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குழுவில் என் கையெழுத்து இருக்கும் வரை இந்தக் கட்டத்தில் உண்மையைத் தவிர வேறு எதுவும் போகாது என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் ஒவ்வொருவர் வகுப்பிலும் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா அப்படி வந்து உட்கார்ந்தால் மாணவிகளோடு சேர்த்து டீச்சருக்கும் வியர்க்கும். நான் அந்த மாதிரி உட்காரவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், அவ்வளவுதான். இருந்தாலும் தமிழாசிரியை இரண்டு முறை தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

பார்த்ததை அப்படியே எழுதினேன். தேவராஜ் பேச வேண்டிய இடத்திலெல்லாம் விசில் ஊதுகிறார். ஆகவே 'விசிலைக் குறைத்துக் குரலைப் பயன்படுத்தப் பயிற்சி தேவை' என்று எழுதினேன். வசந்தகுமாரிக்கு, 'எதிரில் இருப்பவர் பேசும்போது கைப்பேசியைப் பார்க்காமல் இருக்கப் பயிற்சி தேவை' என்று எழுதினேன். அவர் எதிரிலேயே எழுதினேன். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கு ஆசிரியை மதிவதனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயது இருக்கும், பாரிவாக்கத்துப் பெண். பத்தாம் வகுப்பில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தவள், நடுவில் ஒரு வரியில் ஒரு மைனஸை விட்டுவிட்டு, சும்மா நின்றாள். பேசவே இல்லை. நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் பலகையைப் பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன். இரண்டு நிமிஷம் கழித்து யுவராணியின் பெண் எழுந்து, "மிஸ், அந்த மைனஸ் எங்க போச்சு?" என்றது. "அதான் நானும் தேடிக்கினு கீறேன். வந்து எடுத்து வை" என்று சாக்பீஸை நீட்டினாள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் பதினான்கு மார்க் வாங்கிய பெண் அது. போய் எடுத்து வைத்தது. எழுபத்துநான்கு வயதில் நான் பார்த்த நல்ல ஆசிரியர்கள் மூன்று பேர், இவள் மூன்றாவது. அவள் கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'எந்தப் பயிற்சியும் தேவையில்லை. பிறருக்குப் பயிற்சி அளிக்கத் தகுதியானவர்.' கீழே கையெழுத்துப் போட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குத்தான் பெருமையோடு உனக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். "அண்ணி, படிவத்துல கேட்டதை எழுதணும், நமக்குத் தோணினதை எழுதக் கூடாது" என்றாய். வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எதற்கும் நான் பொறுப்பில்லை என்றாலும் சொல்கிறேன். தேவராஜைக் குரல் வளப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் அடிவயிற்றிலிருந்து கத்திப் பழகிவிட்டு, ஆறாம் நாள் குரலே இல்லாமல் வந்து சேர்ந்தார். இரண்டு வாரத்துக்கு விசில் மட்டும்தான். வசந்தகுமாரிக்கு நான் எழுதிய பயிற்சி அலுவலகப் பட்டியலில் இல்லையாம். அதற்குக் கிட்டத்தில் இருப்பது என்று காணொலி வழித் தலைமைப் பண்புப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். தினம் நான்கு மணி நேரம், பத்து நாள், கைப்பேசியில். அந்தப் பத்து நாளில் நான் மூன்று முறை அவர் எதிரில் போய் உட்கார்ந்து எழுந்து வந்தேன். இதெல்லாம் போகட்டும். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஒரு ஆணை வந்தது. மதிவதனியைக் கருத்தாளராக நியமித்திருக்கிறார்கள். கருத்தாளர் என்றால் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். மாற்றுப்பணி, மார்ச் கடைசி வரை, பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். பதினெட்டுப் பள்ளி ஆசிரியர்கள் முறை வைத்து வந்து, கணக்கை எப்படிச் சொல்லித் தருவது என்று அவளிடம் கற்றுக்கொண்டு போகிறார்கள். இங்கே அவளுடைய சொந்தப் பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேருக்குக் கணக்குச் சொல்லித் தர ஆள் இல்லை. பதில் ஆள் கேட்டால், உங்கள் பள்ளிப் பதிவேட்டில் கணக்கு ஆசிரியர் இருக்கிறாரே என்கிறார்கள். இருக்கிறாள், பதிவேட்டில்.

காலியாக இருக்கும் வகுப்பு எப்போதும் தேவராஜிடம்தான் போகும். அவர் நேர்மையான மனிதர். "மேடம், எனக்குத் தெரிஞ்ச கணக்கு ஒண்ணுதான். நானூறு மீட்டர் ரெண்டு ரவுண்டு, எண்ணூறு" என்றார். ஆகவே நானே போனேன். நான் அல்ஜீப்ராவில் பரிசு வாங்கியவள், அந்தப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆனால் இவர்களுடைய பாடம் வேறு மாதிரி இருக்கிறது, தம்பி. முதல் நாளே ரோஷினி ஒரு சந்தேகம் கேட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மத்தியானம் மதிவதனிக்குப் போன் செய்தேன். மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே இரண்டு நிமிஷத்தில் சொன்னாள். மறுநாள் நான் வகுப்பில் சொன்னேன். ஏழு சந்தேகம் வந்தது. இப்போது தினமும் ஒன்று பத்துக்கு அவளுக்குப் போன் செய்கிறேன். ஆறு வாரமாக அவள் ஆறிப் போன சாம்பார் சாதம் சாப்பிடுகிறாள் என்று நினைக்கிறேன். ஒரு நாளும் குரலில் காட்டிக்கொண்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை யுவராணி வீட்டுக்கு வந்தாள். காபி வேண்டாம் என்றாள். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

"இன்னா ஆயா, நல்லா கீறவளப் பத்தி நல்லா கீறான்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா?" என்றாள். "எங்க கம்பெனில நல்லா பேக்கிங் பண்றவள சூப்பர்வைசர் மேல சொல்லவே மாட்டாரு. எவ சுமாரோ அவளத்தான் ஆகா ஓகோன்னு சொல்வாரு. ஏன் தெரியுமா? நல்லவளச் சொன்னா மறுநாளே வேற லைனுக்கு இட்டுகினு பூடுவானுங்க."

அது மோசடி என்றேன்.

"லைன் ஓடுதுல்ல" என்றாள். "இங்க ஓடுதா? பதினாலு மார்க்குல இருந்து அம்பத்திரெண்டுக்கு வந்துச்சு எம்பொண்ணு. டிப்ளமோ படிக்கப் போறேன்னு சொல்லிகினு கீது. இப்ப ராத்திரில புக்க வெச்சிகினு சும்மா குந்திகினு கீது. ஹெச்செம்மு அப்பவே வேணாம்னு சொன்னாங்களாமே, நீ இன்னாத்துக்கு ஆயா எழுதுன?"

முன் பக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது சரிதான். வசந்தகுமாரி சொன்னது ஐந்து வார்த்தை: "அம்மா, அந்த ரெண்டாவது வரி வேணாமே." கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னதாகவும் ஞாபகம். உண்மையை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டு, பேனாவின் மூடியை மூடினேன்.

நேற்று அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. உத்தமன் என்று ஒரு எழுத்தர், மரியாதையான ஆள், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் எழுதிய திட்டத்தின் நகலை அவரே எடுத்துக் காட்டினார். "இப்படி நல்ல கையெழுத்த இந்த ஆபீஸ்ல யாரும் பாத்ததில்லம்மா. அதனாலதான் முழுசா படிச்சாங்க" என்றார். மற்ற பள்ளிகளின் தாளை யாரும் படிப்பதில்லையாம், 'கணினி' என்று பார்த்தவுடன் முத்திரை குத்திவிடுவார்களாம். மாற்றுப்பணியை ரத்து செய்ய என்ன வழி என்று கேட்டேன்.

"ஒரே வழிதான். திட்டத்துல தவறுதலா எழுதிட்டோம், இவங்களுக்கும் பயிற்சி தேவைதான்னு, கையெழுத்துப் போட்டவங்க எழுதித் தரணும். பயிற்சி தேவைப்படுறவங்களக் கருத்தாளரா வெக்க முடியாதில்லையா. மூணு நாள்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

"அந்தத் திட்டத்தில் இருப்பதிலேயே உண்மையான வரி அது ஒன்றுதான்" என்றேன்.

"உண்மையா பொய்யான்னு நான் கேக்கலம்மா. எந்தப் பயிற்சின்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கலாம்."

எழுந்து வந்துவிட்டேன். நீயே சொல். எட்டு வருஷமாக எல்லாரும் பொய் எழுதிய கட்டத்தில் ஒரே ஒரு மெய் எழுதினேன். அதைப் பொய் என்று நானே கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்காக இருந்தால்கூடப் பரவாயில்லை. மதிவதனிக்குத் தகுதி போதவில்லை என்று என் கையால் எழுதினால், அந்தத் தாள் அவள் பணிக்காலம் முழுக்கக் கோப்பில் இருக்கும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். அவள் திரும்பி வர வேண்டும், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வர வேண்டும், நான் எழுதிய வரியும் அப்படியே நிற்க வேண்டும். அந்த மாதிரி ஒரு விண்ணப்பம். இதற்காக நீ நேரில் வர வேண்டியதில்லை, நான் யாரையும் பஸ் ஏற வைப்பவள் இல்லை. தபாலில் அனுப்பினால் போதும். இந்தக் காரியம் முடிந்ததும் குழுவிலிருந்து விலகிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். இனி அந்தப் பள்ளியின் மணி எத்தனை நிமிஷம் தாமதமாக அடித்தாலும் அது என் காதில் விழாது.

சாவித்திரியின் முழங்காலுக்கு நான் சொன்ன எண்ணெயைத் தடவுகிறாளா என்று கேட்டதாகச் சொல். உன் அண்ணன் படத்துக்கு முன் விளக்கேற்றி, உங்கள் இருவருக்கும் நல்ல ஆரோக்கியமும் நிதானமான தூக்கமும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உன் அன்பு அண்ணி,
சாமுண்டீஸ்வரி

பின்குறிப்பு, நவம்பர் 25, திங்கட்கிழமை: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. விண்ணப்பம் எழுத வேண்டாம். ஆனால் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, படித்துக்கொள்.

புதன்கிழமை வகுப்பில் பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தேன். விடை வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ரோஷினி நின்றுகொண்டிருக்கிறது. "மேடம், மைனஸ உட்டுட்டீங்க" என்றது. நானும் மதிவதனியைப் போலவே சாக்பீஸை நீட்டி, "அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், வந்து எடுத்து வை" என்றேன். அந்தப் பெண் வரவில்லை. என்னையே பார்த்தது. மரியாதையில்லாமல் இல்லை. "மிஸ் தெரிஞ்சு உடுவாங்க மேடம். நீங்க தெரியாம உட்டீங்க" என்றது. நாற்பத்தெட்டுப் பேரும் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் அதட்டியிருப்பேன். "ஆமாம். தவறுதலாக விட்டுவிட்டேன்" என்றேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை நான் நினைத்த அளவுக்குக் கனமாக இல்லை.

அங்கிருந்தே ஆட்டோ பிடித்து உத்தமனிடம் போனேன். நான் எழுதியது தவறு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், இரண்டு பக்கமும் ஓரம் விட்டு. எந்தப் பயிற்சி என்று கேட்டார். வேறு எதுவும் என் வாயில் வரவில்லை. கணினி அடிப்படைப் பயிற்சி என்றேன். உத்தமன் படிக்காமலே முத்திரை குத்தினார்.

இன்று காலை மதிவதனி வந்துவிட்டாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள், வசந்தகுமாரி கூப்பிட்டு வர வேண்டியதாயிற்று. மத்தியானம் அவளைத் தனியே அழைத்து, உன்னைப் பற்றி என் கையால் ஒரு பொய் எழுதிவிட்டேன், கோப்பில் இருக்கிறது, மன்னித்துக்கொள் என்றேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"அது பொய் இல்ல மேடம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மண்டபத்துலகூட அந்தப் பெட்டிய வேற யாராவதுதான் ஆன் பண்ணிக் குடுப்பாங்க. எட்டு வருஷமும் மத்தவங்க ரெண்டு ரெண்டு பேரா போவாங்க, அவங்க கிளாஸையும் சேத்து நான் பாத்துக்குவேன். என் முறை வரவே இல்ல."

ஆகவே தம்பி, ஜூலையில் நான் எழுதியதுதான் உண்மைக்கு மாறானது. எட்டு வருஷமாக அவர்கள் பழையதைப் பார்த்துப் பார்த்து எழுதிய தாளில் ஒரு வரியாவது சரியாக இருந்திருக்கிறது. நான் ஒரு வாரம் பின்பெஞ்சில் உட்கார்ந்தும் இதைக் கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு ஆணை வந்திருக்கிறது, ஜனவரி கடைசி வாரம். ஐந்து நாளெல்லாம் விட முடியாது என்று யுவராணி கேட்டிலேயே நின்று சொல்லிவிட்டாள். என்னை மேடம் என்றுதான் அழைத்தாள். ஒத்தி வைக்க வழி இருக்கிறது என்கிறார் உத்தமன். ஆனால் மதிவதனிக்குக் கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது. ஆகவே நீயும் சாவித்திரியும் பொங்கலுக்கு இங்கே வாருங்கள். பஸ்ஸிலேயே வரலாம், கோயம்பேடு போக வேண்டாம், பூந்தமல்லியில் இறங்கினால் போதும். உன் மடிக்கணினியையும் எடுத்து வா. விடுமுறை நான்கு நாளும் சாயங்காலம் மதிவதனி என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். குழுவிலிருந்து விலகுவதைப் பற்றி வசந்தகுமாரியிடம் இன்னும் பேசவில்லை. அவர் போனில் இருந்தார்.

எனக்கும் கொஞ்சம் சொல்லித் தரலாம். ஆனால் அதை எந்தப் படிவத்திலும் எழுத வேண்டாம்.